யாரும் கழிக்காத நிமிஷங்கள்

கூத்தாநல்லூர்
14 ஜூலை 2002

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். மாமாவும் மாமியும் நலம். ஆற்றில் தண்ணீர் விடவில்லை, குறுவை போட்டவர் யாருமில்லை, துணி எடுக்கக் கடைக்கு யார் வருவார் என்று உங்கள் அத்தா காலையில் ஒரு தடவையும் ராத்திரி இஷா தொழுதுவிட்டு வந்து ஒரு தடவையும் சொல்கிறார். மற்றபடி குறை இல்லை.

மெயில் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பீர்கள். கம்பெனி மெயிலை உங்கள் மேனேஜர் திறந்து பார்க்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். 'வக்து' மெயில் குழுவுக்கு எழுதினால் பினாங்கு வரைக்கும் படிப்பார்கள். புருஷனுக்கு எழுதுவதை ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

போன வெள்ளிக்கிழமை போனில், "இனிமே வக்துல என்ன மாத்துனாலும் எனக்கு அனுப்பாதே, வாயாலகூட சொல்லாதே" என்றீர்கள். மாமி பக்கத்தில் நின்றதால் சரி என்று வைத்துவிட்டேன். நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீங்கள் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில், கல்யாணமான புதிதில், இந்த மாடி அறையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய புரோகிராம் அது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அன்றைய சூரியனைக் கணக்குப் போட்டு ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும் சொல்லும். அதன் முதல் பிரதியை என்னிடம் கேட்டுத்தான் துபாய்க்குக் கொண்டுபோனீர்கள். அதை வைத்துத்தான் உங்கள் கம்பெனி பள்ளிவாசல்களுக்குச் சுவர்க் கடிகாரம் செய்கிறது. இன்னொரு பிரதியை நாம் இருவருமாக இணையத்தில் திறந்து வைத்தோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தியதை ஒளிக்காமல் எல்லாருக்கும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதியதே நீங்கள்தான்.

இப்போது பினாங்கில் அப்துல் ரஹ்மான் அண்ணன் அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்திருக்கிறார். கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ராமநாதபுரம் ஜில்லாவைப் பார்த்துக்கொள்கிறார். குத்தாலத்திலிருந்து என்னோடு படித்த ஜெயபாரதியும் வந்துவிட்டாள். அவளுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று குறை சொல்ல வந்தவள் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பேரிடம் பேசுகிறேன், உங்களிடம் மட்டும் பேசக் கூடாதாம். என்ன காரணம் என்று எழுதுங்கள்.

ஆஷிகா


துபாய்
30 ஜூலை 2002

அன்புள்ள ஆஷிகாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. ரூமில் மற்றவர்கள் தூங்க வேண்டும், விளக்குப் போட முடியாது. அதனால் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

வேலையில் சேரும்போது ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே இருக்கும் வரை நான் எழுதுகிற புரோகிராம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். ராத்திரி ரூமில் எழுதினாலும் அப்படித்தான். இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். வெளியில் கிடக்கும் வக்துவைப் பார்த்துவிட்டு நான் இங்கே ஒரு வரி எழுதினால், நம் நிபந்தனை இந்தக் கடிகாரத்துக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து காட்ட வேண்டிவருமாம். அதனால் நான் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. மேனேஜர் ஹைதராபாத்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

நீ கோபப்படாமல் கேட்டால் இன்னொன்றும் சொல்வேன். இவர்கள் வேலை செய்யும் விதத்தில் நியாயமும் இருக்கிறது. உன் குழுவில் மதியத் தொழுகையை 'லுஹர்' என்று எழுதுவதா 'ளுஹர்' என்று எழுதுவதா என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. இங்கே ஒருவர் முடிவெடுக்கிறார், மறுநாள் வேலை நடக்கிறது. கடிகாரம் நின்றுபோனால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது. உன் வக்து தப்பாகச் சொன்னால் ஒரு பள்ளிவாசல் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? பினாங்குக்கா போகும்?

அதெல்லாம் இருக்கட்டும். முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வெறும் புரோகிராமருக்கு இங்கே ஃபேமிலி விசா கிடையாது. சீனியர் ஆனால் உண்டு. இந்த நோன்பு சீசனில் கடிகாரம் நல்லபடியாகப் போனால் என்னை சீனியர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். நீ இங்கே வந்து சேர வேண்டும். இதைத் தவிர என் மனதில் வேறு கணக்கு எதுவும் இல்லை. அதுவரைக்கும் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொண்டு இரு.

அத்தாவை வெயிலில் சைக்கிள் மிதிக்க வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், ஆனாலும் சொல்.

ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்
8 செப்டம்பர் 2002

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது முடியவில்லை. இந்தக் கடிதத்தில் புரோகிராம் ஒரு வரிகூட இல்லை. வீட்டு விஷயம் என்று நினைத்துப் படியுங்கள்.

போன மாதம் ஜெயபாரதி போன் செய்தாள். "ஏண்டி, சூரியன் மறையுற நேரத்துல எதுக்கு இத்தனை இடத்துல நிமிஷத்தைக் கூட்டி வச்சிருக்கீங்க?" என்றாள். எங்கே கூட்டியிருக்கிறோம், உனக்குப் புரியவில்லை என்று நான்தான் அவளிடம் எகிறினேன். மாமா போனுக்காகக் கீழிருந்து கத்திக்கொண்டிருந்தார், அதனால் வைத்துவிட்டாள். பிறகு பொறுமையாக உட்கார்ந்து தேடினேன்.

முதல் பிரதியிலேயே நீங்கள் சூரியன் மறைவதோடு மூன்று நிமிஷம் சேர்த்திருக்கிறீர்கள். மழை, மேகம் என்று ஏதாவது இருக்கும், பேணுதலாக இருக்கட்டும் என்று. அது தெரியாமல், ஊர்ப் பட்டியல் சேர்த்தபோது நான் இரண்டு சேர்த்திருக்கிறேன். பினாங்கு அண்ணன் அவர் பங்குக்கு. வாத்தியார் அவர் பங்குக்கு. ஒருவர் கூட்டியது இன்னொருவருக்குத் தெரியாது. நோன்பு திறக்கும் நேரமாயிற்றே, அவசரப்பட்டுத் திறந்தால் அன்றைய நோன்பே போய்விடும், கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறோம்.

இதைக் குழுவில் போட்டேன். 'ளுஹரு'க்கு ஒரு மாதம் சண்டை போட்டவர்கள் ஒருவரும் கழிக்க முன்வரவில்லை. கூட்டியவருக்குப் பேணுதலான ஆள் என்று பெயர். கழிக்கிறவர் கணக்கில் பிசகிவிட்டால் ஓர் ஊர் நோன்பு அவர் கழுத்தில் விழும். எனக்கும் கை வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் ஜெயபாரதியே எழுதினாள்: "எனக்கு நோன்பு இல்லை. நான் எடுத்துவிடட்டுமா?" ஐயோ வேண்டாம், உன் மேல் ஏன் பழி என்று நாலு பேர் பதறினார்கள். "அப்போ உங்க பெரியவங்களைக் கேட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்" என்றாள். மாமாவைப் பள்ளி ஹஜ்ரத்திடம் அனுப்பினேன். பினாங்கு அண்ணன் அங்கே கேட்டார், வாத்தியார் அவர் ஊரில் கேட்டார். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். பேணுவது நல்லது, ஒரே நேரத்துக்கு ஒரு தடவை பேணினால் போதும். ஜெயபாரதி உள்ளே கிடந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மேலே எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள். எந்த ஜமாஅத் எத்தனை நிமிஷம் வேண்டும் என்கிறதோ, அந்த ஊர் பெயரோடு அங்கே இருக்கும்.

உங்கள் கடிகாரமும் நம் முதல் பிரதியிலிருந்து வந்ததுதான். உங்கள் மூன்று நிமிஷம் அதற்குள்ளேயும் இருக்கும். அதற்கு மேல் உங்கள் அறையில் யார் யார் பேணினார்கள் என்று பாருங்கள். சீக்கிரம் பாருங்கள். நோன்புக்கு முன்னால் நம் தெருப் பள்ளிக்கு ஒரு கடிகாரம் வாங்கி மாட்டப்போவதாக மாமா ஜமாஅத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். "என் மவன் கையால செஞ்சது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

ஆஷிகா


துபாய்
29 செப்டம்பர் 2002

அன்புள்ள ஆஷிகாவுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு எனக்கே வந்த சந்தேகம் மாதிரி மீட்டிங்கில் கேட்டேன். தேடிப் பார்த்தோம். என்னுடைய மூன்று இருக்கிறது. எகிப்துக்காரர் ஒருவர் இரண்டு சேர்த்திருக்கிறார். அதற்கு மேல் மேனேஜரே மூன்று சேர்த்திருக்கிறார்.

இரண்டு பேருடையதை எடுத்துவிடலாம் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோன்பு விஷயத்தில் குறைக்கிற வேலை என்னிடம் வேண்டாம் ஷஹ்பாஸ்" என்றார். டெஸ்டில் எல்லாம் தேறியிருக்கிறதே என்றார். எங்கள் டெஸ்ட் என்னவென்றால், புதுப் பிரதி சொல்லும் நேரத்தைப் பழைய பிரதி சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் தேறியது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஏன் என்று கேட்க இங்கே வழியே இல்லை. எங்கள் அறையில் நோன்பு வைக்காதவரும் யாருமில்லை.

பாங்கு சொல்லக் கொஞ்சம் தாமதமானால் யாரும் கேஸ் போட மாட்டார்கள், முன்னால் சொன்னால்தான் ஆபத்து, இந்த சீசன் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். நானும் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அத்தா கேட்ட கடிகாரம் போன வாரமே ஊருக்கு வருகிற ஒருவர் கையில் போய்விட்டது. போனில் அவரிடம் மாட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் வாய் வரவில்லை. நீ சொல்லிப் பார்.

ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்
19 நவம்பர் 2002

மச்சானுக்கு, ஸலாம்.

நீங்கள் சொல்ல முடியாததை நான் சொல்ல வேண்டுமா? சொன்னேன். "எட்டு நிமிஷம் தள்ளிக் காட்டும் மாமா" என்றேன். "துபாய்ல பெரிய பெரிய இஞ்சினியரெல்லாம் பார்த்து செஞ்சதும்மா. நீங்க மாடியில செய்யறது வேற" என்று சிரித்துக்கொண்டே போய் மாட்டிவிட்டார்.

முதல் நோன்பன்று காலையிலிருந்தே மழை. சம்பா நடவு வயலெல்லாம் தண்ணீர். வானத்தில் சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. கடைத்தெருப் பெரிய பள்ளியில் பாங்கு கேட்டது. எங்கள் தெருப் பள்ளியில் சத்தமே இல்லை. வீட்டில் நானும் மாமியும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "எந்தப் பாங்குக்கும்மா திறக்கறது?" என்று மாமி கேட்டார். "இதுக்கே திறங்க மாமி" என்றேன். "உங்க மாமா வச்ச கடிகாரத்த விட்டுட்டா?" என்று பழத்தைத் தட்டில் வைத்துவிட்டார். சர்க்கரை உள்ள மனுஷி, மச்சான். நான் பழத்தை வாயில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் நடந்ததை மறுநாள் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா வந்து சொன்னாள். பாங்கு சொல்லும் மோதினார் கடிகாரத்தின் கீழேயே நின்றாராம். கடைத்தெருப் பள்ளியில் பாங்கு முடிந்து, இகாமத்தும் சொல்லித் தொழ ஆரம்பித்துவிட்டார்களாம். இங்கே எல்லாரும் கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிவப்பு எழுத்தை அண்ணாந்து பார்த்தபடி. மாமா நடுவில் நின்று, "அவங்க பழைய அட்டவணை. நம்மது சூரியனையே கணக்குப் போடுது. பொறுங்க, பொறுங்க" என்றாராம். பொறுத்தார்கள். நாலைந்து நாள் பொறுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கடைத்தெருப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். நோன்பு திறக்க எங்கள் பள்ளியில் பாதி வரிசைகூட இல்லை. "ஜெக்கரியா ராவுத்தர் வீட்டுக் கடிகாரம் துபாய் நேரம் காட்டுதாம்" என்று மாமா பெயரைச் சொல்லிக் கடைத்தெருவில் கேலி.

முந்தாநாள் ஜமாஅத்தில் பேசி, கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். கழற்றினால் கொடுத்தவர் மனசு நோகுமாம்.

மாமா மாடிப்படியில் பாதி ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார். இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவர் மாடிக்கு வந்ததில்லை. "ஏம்மா, தப்பு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரிபண்ணிடேன்." அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது, கம்பெனிதான் திறக்க வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து எழுதினதுதானே அது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த அறையில் பிறந்ததை நான் தொடக் கூடாது என்று யார் மச்சான் எழுதி வைத்தது?

வக்துவிலிருந்து நம் ஊருக்கு நேரம் எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். மோதினார் சுவரில் ஒட்டிவைத்து அதைப் பார்த்துப் பாங்கு சொல்கிறார். மாமா ராத்திரி தராவீஹ் தொழுகைக்குக் கடைத்தெருப் பள்ளிக்குப் போகிறார். தான் கடிகாரம் கொடுத்த பள்ளிக்குள் போக அவருக்குக் கால் வரவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். அதை மறைத்து நலமா என்று கேட்டு எழுத முடியவில்லை.

ஆஷிகா


துபாய்
4 டிசம்பர் 2002

அன்புள்ள ஆஷிகாவுக்கு, ஸலாம்.

அத்தாவுக்கு போன் செய்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

புகார் நம் ஊரிலிருந்து மட்டும் வரவில்லை. மேனேஜருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. முதலாளி வந்து கூட்டம் போட்டார். யாரோ வெளியில் இருக்கும் வக்துவை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். இது சரியாகச் சொல்கிறதே, நாம் ஏன் இதையே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். எடுக்கலாம், ஆனால் நிபந்தனை இருக்கிறது, நம்முடையதையும் திறக்க வேண்டும் என்றேன். அது முடியாது, நிபந்தனை இல்லாமல் வேண்டும் என்றார்.

அதற்கு ஒரே வழி, எழுதிய ஒவ்வொருவரும் தன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது. ஒருவர் மறுத்தாலும் நடக்காது. கொடுத்தபின் நீ வெளியில் வைத்திருப்பதை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர்களிடம் பழசு இருக்கும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் தானாகப் பட்டுப்போகும் என்கிறார்கள்.

இது நடந்தால் நான் உடனே சீனியர். உன் விசா பேப்பர் என் மேஜையில் இருக்கிறது. உன் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் டைப் செய்து, ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது. தினம் அதைப் பார்க்கிறேன்.

கேள் என்றும் சொல்லவில்லை, கேட்காதே என்றும் சொல்லவில்லை. உன் குழு, நீயே முடிவு செய்.

ஷஹ்பாஸ்


கூத்தாநல்லூர்
27 டிசம்பர் 2002

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நீயே முடிவு செய் என்று ஒதுங்கிக்கொண்டீர்கள். சரி, செய்தேன்.

பெருநாள் முடிந்ததும் குழுவில் கேட்டேன். கம்பெனி கேட்கிறது, கொடுப்பவர்கள் கொடுக்கலாம் என்று மட்டும் எழுதினேன். விசா பற்றி மூச்சு விடவில்லை. பதில் எல்லாம் காரமாக வந்தது. ஜெயபாரதிக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தேன். அவள் என்னைக் கேட்காமல் குழுவில் போட்டு உடைத்துவிட்டாள்: "இதைக் கொடுத்தால்தான் ஆஷிகா தன் வீட்டுக்காரரோடு போய் இருக்க முடியும். பேசுகிறவர்கள் அதையும் யோசித்துப் பேசவும்."

அதற்குப் பிறகு ஒருவரும் வாதாடவில்லை. "தங்கச்சி, என் வரிகளையும் சேர்த்து எடுத்துக்கொள். புருஷன் பெண்டாட்டி ஒரு வீட்டில் இருப்பதை விடவா இது பெரிசு" என்று பினாங்கு அண்ணன் எழுதினார். வாத்தியார் பள்ளிக்கூடத்து முத்திரையே குத்தி அனுப்பிவிட்டார். பெயரைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாதவர்கள்கூட அனுப்பினார்கள். ஜெயபாரதியும் போட்டாள். போட்டுவிட்டு, "நீ நல்லா இருடி. நான் வேற ஏதாவது எழுதிக்கறேன்" என்றாள். அப்புறம் ஒரு வாரமாகப் பேசவில்லை.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கல்யாணம் ஆனவள் என்று ஊர் சொல்கிறது, எனக்குத்தான் மறந்துபோகிறது. மாமி நேற்றே பெட்டியை இறக்கி வெயிலில் வைத்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு பெயர் பாக்கி. உங்களுடையது. துபாய் போவதற்கு முந்தின வாரம், திறந்து வைத்ததற்குப் பிறகு, பிறைக் கணக்கை நீங்கள் எழுதிச் சேர்த்தீர்கள். அதற்கு நேரே உங்கள் பெயர்தான் இருக்கிறது. ஒழுங்குக்காக நீங்களும் குழுவில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள்.

ஆஷிகா


கூத்தாநல்லூர்
12 ஜனவரி 2003

மச்சானுக்கு,

பார்த்தேன். "பிறைக் கணக்கை எழுதியவன் நான். என் பங்கைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. ஷஹ்பாஸ், கூத்தாநல்லூர்." துபாயில் உட்கார்ந்துகொண்டு கூத்தாநல்லூர் என்று வேறு போட்டிருக்கிறீர்கள்.

குழுவில் உங்களுக்கு ஏகப்பட்ட துஆ. பினாங்கு அண்ணன் அழுதேவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். ஜெயபாரதி பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள், உங்களுக்கு நன்றி சொல்ல. நான் அவளுக்கு ஒரு டீகூடப் போடவில்லை. மாமிதான் போட்டுக் கொடுத்தார். இவர்கள் யாரும் ராத்திரி இந்த மாடி அறையில் தனியாகப் படுப்பதில்லை. படுப்பது நான்.

நான் கேட்டு, அத்தனை பேரும் எனக்காகக் கொடுத்து, எல்லாம் கூடி வந்தபிறகு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரறிய இல்லை என்றீர்கள். நல்ல காரணம் இருக்கும். இருக்கட்டும். என் வாழ்க்கையை என்னைக் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டு அறிவிப்பு மட்டும் வெளியே விடுவது உங்கள் மேனேஜர் செய்வது. நீங்களுமா?

குழுவுக்குச் சொன்ன பதில் குழுவோடு போகட்டும். எனக்கு என்ன பதில்? நான் அங்கே வர முடியாது. நீங்கள் எப்போது வருவீர்கள்? இதை நான் குழுவில் கேட்க மாட்டேன். தபாலில் பதில் எழுதுங்கள்.

ஆஷிகா


துபாய்
23 ஜனவரி 2003

என் அன்புள்ள ஆஷிகாவுக்கு, ஸலாம்.

நீ கேட்டது நியாயம். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்பாய், நீ சொன்னால் நான் கொடுத்திருப்பேன். அந்தப் பயத்தில் கேட்கவில்லை. இது நல்ல பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

என் மேஜையில் இருந்த விசா பேப்பரோடு இன்னொரு தாளும் பின் அடித்து வைத்திருந்தார்கள். உன் கடிதம் வந்த அன்றுதான் அதைப் புரட்டிப் படித்தேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. இங்கே வந்தபிறகு இந்த மாதிரிப் புரோகிராம் எதையும் நீ யாருக்காகவும் எழுதக் கூடாது. நான் ஆபீஸில் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. உன்னை எனக்குத் தெரியாதா? சோற்றைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு என்ன மாத்துனீங்க?" என்பாய். உன்னுடைய வக்துவை, உன் கண்ணுக்கு மறைத்து நான் மாற்றிவிட்டு வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். எட்டு நிமிஷத்தை எங்கள் அறையில் ஒருவரும் பார்க்கவில்லை. எட்டு வருஷமானாலும் பார்த்திருக்க மாட்டார்கள். உன்னையும் அந்த அறைக்குள் கொண்டுவந்து பூட்ட எனக்கு மனமில்லை. அத்தாவின் கடிகாரத்தில் போட்ட துண்டு போதும்.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். மேனேஜர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். இந்த மாதக் கடைசியோடு கணக்கு முடிகிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். வேலைக்கு என்ன செய்யப் போகிறான் என்று அத்தா கேட்டால், கொஞ்ச நாள் கடையில் உட்காருவான் என்று சொல். ஜெயபாரதியைக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடு.

போகும்போதும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தொழுகை நேரம் பற்றி ஒரு வருஷத்துக்கு நான் ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. நீ எழுது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஷஹ்பாஸ்